பிறரை உடம்படுத்துங் கட்டுரை

பள்ளியிற் பயிலும் எம் இளைய நண்பர் பலர்க்குக் கட்டுரைத் தேர்வென்றாற் பெரியதோர் அச்சமில்லை. மழைக்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் மகிழ்வோடு எழுதுவர். தாம் சென்ற திருவிழாவைப் பற்றி எழுதச் சொன்னால் தாள் போதாது என்பர். ஆனால், 'இன்னது செய்யத்தக்கதோ, தகாததோ? ஒருபாற் பற்றி நின்று, படிப்பவர் உடம்படுமாறு எழுதுக' என்று ஆசிரியர் பணித்துவிடின், சிலர்க்கு எழுதுகோல் ஓடாது. பலர்க்கோ நில்லாது ஓடும். இவ்விரண்டனுள் பின்னதே பெருந்தீங்கென்பது எம் கருத்து. ஓடாத கோலை ஓட்டிவிடலாம். வழியறியாது ஓடியதைத் திருப்பிக் கொணர்தல் அரிது. இதனை யாம் பிறர் வாயிலாகக் கேட்டறிந்திலேம். எம் சொந்த ஊராகிய சத்தியமங்கலத்தில், பள்ளிப் பருவத்தில், எமக்கு நேர்ந்த ஒரு நாணத்தாலேயே அறிந்தேம். அதனை முதற்கண் கூறி, பின்னர்க் கட்டுரையின் அமைப்பிற்கு வருதும்.

சத்தியமங்கலத்தினின்றும் வடக்கே செல்லும் நெடுஞ்சாலை பண்ணாரியைக் கடந்ததும் மலையேறத் தொடங்கும். இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறித் திம்பத்தை அடைந்து, ஆசனூர் வழியே காரப்பள்ளத்தைத் தாண்டிக் கன்னட நாட்டிற் புகும். இருபுறமும் அடர்ந்த காடு. இக்காடு 2008-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2013-ஆம் ஆண்டிற் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது. இதனூடே இரவில் வண்டிகள் செல்லலாகாதென்று மாவட்ட ஆட்சியர் 2019-இல் ஓர் அறிவிப்பு விடுத்திருந்தார். அது நடைமுறைக்கு வாராது கிடந்தது. வழக்கொன்றைக் கேட்ட சென்னை உயர்நீதிமன்றம், அதனை 2022 பிப்ரவரி 10-ஆம் நாள் முதல் நிறைவேற்றுமாறு ஆணையிட்டது. ஊரெங்கும் அதுவே பேச்சாயிற்று. தாளவாடியிலும் சத்தியமங்கலத்திலும் மக்கள் கிளர்ச்சி செய்தனர்.

அக்கிழமையிலேயே எம் பள்ளியிற் கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'திம்பம் மலைவழியில் இரவுப் போக்குவரத்துத் தடை தக்கதே'. யாம் தடையின் பக்கம் நின்று எழுதினேம். கானகத்தின் அழகை இரண்டு பக்கம் வருணித்தேம். சிறுத்தை சாலையில் அடிபட்டுக் கிடக்கும் காட்சியை, கண்டறியாதிருந்தும், கண்டார்போல் எழுதினேம். மனிதனின் பேராசையைப் பலபடப் பழித்தேம். சத்தியமங்கலம் காப்பகத்திற் புலிகளின் தொகை 2011-இல் 25-ஆக இருந்தது பெருகி 80-ஆயிற்றென்றும், அதற்காக 2022 ஜனவரியில் உலக அளவிற் பரிசு கிடைத்ததென்றும் பெருமிதத்தோடு குறித்தேம். முதற்பரிசும் எமக்கே கிடைத்தது.

அன்று மாலை, தாளவாடிப் பக்கத்து உழவர் மகனும் எம் வகுப்புத் தோழனுமாகிய ஒருவன், அக்கட்டுரையை வாங்கி முழுவதும் படித்தான். படித்து முடித்து, "தமிழ் நன்றாயிருக்கிறது" என்றான். பின்னர் மெல்ல மூன்று வினாக்கள் கேட்டான். "மாலையிற் பறித்த தக்காளியும் முட்டைக்கோசும் விடியற்சந்தைக்கு எவ்வழியாய் வந்து சேரும்?" என்றது ஒன்று. "நள்ளிரவில் ஒருத்திக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டால், அவளை ஊர்தியில் இட்டு எவ்வளவு நேரம் சோதனைச் சாவடியில் நின்று கெஞ்சுவது?" என்றது மற்றொன்று. மூன்றாவது வினாவே எம்மை வாயடைத்தது. "புலிகள் இருபத்தைந்திலிருந்து எண்பதான அந்தப் பத்தாண்டுகளும் லாரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டுதானே இருந்தன? நீ காட்டிய கணக்கு எங்கள் பக்கமன்றோ சாய்கின்றது?"

யாம் ஒன்றும் கூறமாட்டாது நின்றேம். பரிசு பெற்ற எம் கட்டுரை யாரை உடம்படுத்திற்று? முன்னமே உடம்பட்டிருந்த ஆசிரியரையும் எம்மையுமே. உடம்படாது நின்ற ஒருவனுக்கு அதில் ஒரு வரியேனும் எழுதப்படவில்லை. இக்குறையை ஆராய்ந்தவழி யாம் கண்டவற்றையே கீழே கூறுகின்றேம்.

முதலாவது, கட்டுரையாளன் தான் நாட்டப் புகுந்தது இன்னதென்று தானே தெளிதல் வேண்டும். 'காட்டு விலங்குகளைக் காத்தல் வேண்டும்' என்பது நாட்டற்குரிய பொருளாகாது. அதனை மறுப்பார் ஒருவருமிலர். மறுப்பாரில்லாத இடத்தில் உடம்படுத்தல் எங்ஙனம்? எம் முதற்கட்டுரை பெரும்பாலும் இதனையே நாட்டிக்கொண்டிருந்தது. திறந்த கதவை உதைத்ததோடொக்கும். 'திம்பம் வழியில் இரவுப்போதில் வெளியூர்ச் சரக்கு வண்டிகள் செல்லலாகாது' என்பதோ நாட்டற்குரியது. எங்கே, எப்பொழுது, எவ்வண்டி என்பன அதனுள் அடங்கியுள்ளன. நல்லறிவும் நல்லெண்ணமும் உடைய ஒருவர் அதனை மறுத்தலும் கூடும். எழுதத் தொடங்குமுன் கொள்கையை ஒரே வாக்கியமாக எழுதி, 'இதனை மறுப்பவர் யாவர்?' என்று வினவிக்கொள்க. விடையாக ஓர் ஆளின் முகம் நினைவிற்கு வருமாயின் தலைப்பு ஆயிற்று. வாராதாயின் வாக்கியத்தை மாற்றுக.

அந்த முகத்திற்கே கட்டுரை எழுதப்படுதல் வேண்டும். இஃது எம் நூலோர் நன்கறிந்த நெறி. நன்னூல் செய்த பவணந்தியாரை, பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவரென்று எம் கொங்கு நாட்டார் கூறிப் பெருமை கொள்வர். அவர் நூலிற்குரிய மதம் ஏழென்று வகுத்தவற்றுள், பிறர் கொள்கையை முன்னர் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலும், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தலும், இருவர் தம்முள் மாறுபட்டவழி ஒருதலையாகத் துணிதலும் உள்ளன. தேர்விற்காக அவ்வேழினையும் மனப்பாடஞ் செய்து ஒப்பிப்பவருள் எத்துணைப் பேர் அவற்றைத் தம் கட்டுரையிற் கையாள்கின்றனர்? யாமும் ஒப்பித்தவர் கூட்டத்தினரே. சிவஞான சித்தியாரும் பரபக்கத்தை முன்வைத்தே சுபக்கத்தைக் கூறுகின்றது. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக் கணக்கர்பாலும் சென்று அவரவர் திறத்தைக் கேட்டறிகின்றாள். அளவைகளைப் பற்றிய அறவண அடிகளின் உரை அதற்குப் பின்னரே வருகின்றது. எதிர்ப்பக்கத்தைக் கேளாது தன் பக்கத்தைக் கூறுதல் நம் மரபன்று.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. எதிர்ப்பக்கத்தைக் கூறுங்கால், அதன் மெலிந்த வடிவை எடுத்துக் கூறி எளிதில் வீழ்த்திவிடும் ஆசை நம்மிற் பலர்க்கு உளது. 'தடையை எதிர்ப்பவர் பணத்தாசை பிடித்த லாரி முதலாளிகள்' என்று எழுதிவிட்டால் வேலை எளிது. ஆனால் தக்காளி விளைவிக்கும் உழவனும், பிள்ளைப்பேற்றிற்குக் காத்திருக்கும் பெண்ணும் அவ்வாக்கியத்தில் இல்லை. அவர்கள் உங்கள் கட்டுரையைப் படிக்கும்போது, தம்மைப் பற்றி இதில் ஒன்றுமில்லையென்று தாளை மடித்து வைத்துவிடுவர். ஆதலின் எதிர்ப்பக்கத்தை எழுதி முடித்ததும், அப்பக்கத்தவர் ஒருவர் அதனைப் படித்து, 'ஆம், நான் கூறுவது இதுவே' என்று தலையசைப்பாரா என்று எண்ணிப் பார்க்க. கூடுமாயின் அத்தகைய ஒருவரிடமே காட்டுக. எம் பள்ளி விடுதியில் அதற்கு ஆள் இருந்தான். அவனைக் கேளாதிருந்தது எம் பிழை.

அடுத்தது சான்று. சான்றினை எவ்வாறு தேர்வதென்பதற்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் காட்டிலும் சிறந்த பாடம் எமக்குத் தெரிந்தவரையில் இல்லை. பாண்டியன் அவைக்குட் புகுந்த கண்ணகி, தன் கணவன் நல்லவனென்று மட்டும் கூறி நின்றிருப்பின் என்னாம்? எம்மனைவியும் தம் கணவரை நல்லவரென்றே கூறுவர். அவள் கூறியது, தன் சிலம்பின் உள்ளிடுபரல் மாணிக்கம் என்பது. அரசன் தன் தேவியின் சிலம்பு முத்துடைத்தென்றான். இருபாலாரும் ஒத்துக்கொள்ளும் சோதனை ஒன்று அப்பொழுதே அமைந்துவிட்டது. சிலம்பு உடைந்தது; மாணிக்கம் தெறித்தது; வழக்கு முடிந்தது. நோக்குக: சிலம்பு பொன்னாலாயது என்பதும் உண்மையே, அழகியது என்பதும் உண்மையே. ஆனால் அவ்வுண்மைகள் இரு சிலம்பிற்கும் பொதுவாதலின் வழக்கிற்குப் பயனில்லை. இரண்டு பக்கத்தையும் வேறுபடுத்தும் உண்மையே சான்றாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு எம் புலிக் கணக்கை அளந்து பார்ப்போம். புலிகள் பெருகின என்பது உண்மை. ஆனால் அவை பெருகியது தடை நிறைவேறுதற்கு முன். ஆகவே அது தடையின் பயனைக் காட்டமாட்டாது. காப்பகத்தின் பயனைக் காட்டலாம், காவலர் உழைப்பைக் காட்டலாம். எண்களைக் கண்ட மாத்திரத்தே மாணவர்க்கு ஒரு மயக்கம் உண்டாகின்றது. எண் வந்துவிட்டால் மறுப்பார் இலரென்று நினைக்கின்றோம். எண்ணும் சிலம்பின் பொன்போன்றதே. உள்ளிருக்கும் பரல் யாதென்று உடைத்துப் பார்த்தல் வேண்டும். 'இதே எண்ணை என் எதிரி எடுத்தாளக்கூடுமா?' என்பது அதனை உடைக்கும் வினா.

பின்னர் எமக்குக் கிடைத்த நல்ல சான்று எண்ணன்று. ஊரார் எல்லாரும் கண்டது. தாளவாடி மலைப்பகுதியினின்றும் கரும்பேற்றிச் செல்லும் லாரிகளை ஆசனூர், காரப்பள்ளம் பகுதிகளில் யானைகள் வழிமறிக்கும். தும்பிக்கையை நீட்டிக் கரும்பை உருவித் தின்னும். சில குட்டிகளோடு வந்து நிற்கும். இருட்டில், வளைவில், பின்வரும் வண்டிக்கு யானை நிற்பது தெரியாது. இச்சான்று விலங்கிற்கும் ஓட்டுநர்க்கும் ஒருங்கே ஊறு உண்டென்று காட்டுகின்றது. எதிர்ப்பக்கத்தவரும் அவ்வழியிற் செல்பவராதலின் அதனைத் தம் கண்ணாற் கண்டிருப்பர். அவர் கண்டதையே அவர்க்குச் சான்றாகக் காட்டுதலினும் வலியது வேறில்லை.

உவமைச் சான்றினைப் பற்றியும் ஒரு சொல். அண்டையிலுள்ள பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை 2009-ஆம் ஆண்டு தொட்டே போக்குவரத்துத் தடை உண்டு. 'அங்கே கூடுமாயின் இங்கே ஏன் கூடாது?' என்று எழுதலாம், எழுதத்தக்கதே. ஆனால் அக்காட்டை ஊடறுத்து மைசூரினின்றும் வயநாட்டிற்குச் செல்வோர்க்கு, நெடிதாயினும், குட்டா வழியாக வேறொரு சாலை உண்டு. தாளவாடியார்க்குச் சத்தியமங்கலத்திற்கும் ஈரோட்டிற்கும் இறங்குதற்குத் திம்பமே நேர்வழி. இவ்வேற்றுமையை நீங்களே கூறிவிடுதல் நன்று. நீங்கள் மறைத்து, படிப்பவர் கண்டுபிடித்தால், அதுவரை நீங்கள் கூறிய உண்மைகளும் ஐயத்திற்கு இடமாய்விடும்.

இனி அடுக்குமுறை. தொடக்கம், இடை, இறுதி என மூன்றாகப் பகுத்து, காரணம் மூன்று என்று எண்ணி வைத்துக்கொண்டு எழுதுமாறு பள்ளிகளிற் கற்பிக்கின்றனர். தொடக்க வகுப்பினர்க்கு அது நடைவண்டிபோல் உதவும். அதனை யாம் பழியேம். ஆயினும் காரணங்கள் எல்லாம் ஒரே எடையின அல்ல. இரண்டு வரியில் முடியும் காரணத்தை, பத்தி நிரம்பவேண்டுமென்று இழுத்தலும், இரண்டு பக்கம் வேண்டுவதைப் பத்து வரியில் நெரித்தலும் அம்முறையின் விளைவுகள். எம் பழக்கம் கூறுவோம். காரணங்களுள் இரண்டாந்தரமானதை முதலில் வைப்போம். படிப்பவர் உள்ளம் சற்று நெகிழும். மெலிந்தவற்றை இடையில் விரைந்து கூறுவோம், அல்லது விட்டுவிடுவோம். பின்னர் எதிர்ப்பக்கத்தின் வலிய தடையை எடுத்து, ஏற்பதை ஏற்று, களைவதைக் களைவோம். தலையாய காரணத்தை அதன்பின் வைப்போம். தடையை இறுதியில் வைத்தால், படிப்பவர் செவியில் எதிரியின் சொல்லே ஒலித்துக்கொண்டிருக்கும்.

'ஏற்பதை ஏற்று' என்றேம். இதுவே இளைஞராகிய நமக்கு மிகக் கடினமானது. ஒன்றை ஏற்றால் தோற்றோமென்று அஞ்சுகின்றோம். உண்மை அதற்கு மாறு. தோழன் கேட்ட முதலிரண்டு வினாக்களையும் ஏற்றுக்கொண்டால் எம் கொள்கை என்னாகும்? 'எல்லா வண்டிகளும்' என்றிருந்தது, 'உள்ளூரார் வண்டிகளும் நோயாளர் ஊர்தியும் நீங்கலாக' என்று திருந்தும். திருந்திய கொள்கை முன்னதினும் சிறியது, ஆனால் வலியது. நாட்டில் நிகழ்ந்ததும் அதுவே. மக்கள் முறையிட்டபின், சில திங்களுக்குள், உயர்நீதிமன்றம் உள்ளூர் மக்களுக்கு விலக்களித்துத் தன் ஆணையைத் திருத்தியது. நீதியரசர்க்கு அது தோல்வியென்று யாரும் கூறவில்லை.

தொடக்கத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். 'உலகம் தோன்றிய நாள்முதல்' என்று தொடங்கும் கட்டுரை திம்பத்திற்கு வந்து சேர்தற்குள் தேர்வு மணி அடித்துவிடும். இருபாலாரும் உடம்படும் ஓரிடத்தினின்று தொடங்குதலே முறை. எம் விவிலிய வகுப்பில், அப்போஸ்தலர் நடபடிகளின் பதினேழாம் அதிகாரத்தைப் படித்தகாலை இது எமக்கு விளங்கிற்று. அத்தேனே நகரத்தாரிடையே பேச எழுந்த பவுல், அவர்கள் பலிபீடங்களைப் பழித்துத் தொடங்கவில்லை. அறியப்படாத தேவனுக்கென்று அவர்களே எடுத்திருந்த பீடமொன்றைச் சுட்டி, அங்கிருந்து தம் பொருளுக்குச் சென்றார். அவர்கள் நாட்டுப் புலவர் வாக்கையும் எடுத்தாண்டார். பயன் யாது? சிலர் நகைத்தனர், சிலர் பின்னொருகாற் கேட்போமென்றனர், சிலர் நம்பினர். பவுலுக்கே அவ்வளவெனின், ஐந்நூறு சொற்களுள் எல்லாரையும் உடம்படுத்திவிடலாமென்று நாம் எண்ணுதல் மிகை.

நடையழகை யாம் வெறுப்பவரல்லேம். தமிழ் பயில வந்தவர் அதனை வெறுத்தல் எங்ஙனம்? ஆயினும் நன்னூலார் விலக்கிய பத்துக் குற்றங்களுள் மூன்று, இவ்வகைக் கட்டுரையைப் பற்றிப் பிடித்த நோய்கள். கூறியது கூறல் ஒன்று: காரணம் தீர்ந்ததும் அதனையே வேறு சொல்லால் மீட்டும் எழுதுதல். மற்றொன்று விரித்தல் பிறிதொன்று: எம் இரண்டு பக்கக் கானக வருணனை அதற்கு இலக்கியம். சென்று தேய்ந்திறுதல் மூன்றாவது: முதற்பக்கத்தில் இடிபோல் முழங்கி, இறுதிப் பக்கத்தில், 'ஆதலால் நாம் அனைவரும் ஒன்றுபட்டுப் பாடுபடுவோமாக' என்று நீர்த்துப்போதல். யார் பாடுபடுவது, என்ன பாடு? ஆட்சியரோ, ஓட்டுநரோ, படிப்பவரோ, யார் எதனைச் செய்தல் வேண்டுமென்று கூறமாட்டாதவழி, முன்னைக் காரணத்தோடு நிறுத்திவிடுவதே மேல்.

தேர்வு மண்டபத்தில் இவற்றிற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். நாற்பது மணித்துளி தரப்பட்டால் எட்டினை எழுதாமற் செலவிடுக. தாளின் ஓரத்தில் நான்கு வரி போதும்: என் கொள்கை, அதனை மறுப்பவர், அவர் கூறும் வலிய சொல், அதில் யான் ஏற்பது. இந்நான்கும் அமைந்தபின் காரணங்கள் தாமே வந்து வரிசையில் நிற்கும். அருகிலுள்ளோர் இரண்டாம் பக்கத்திற்குச் சென்றுவிட்டதைக் கண்டு கலங்காதீர்கள். அவர்களுட் சிலர் இப்பொழுது காட்டை வருணித்துக்கொண்டிருப்பர்.

நாணம் நீங்கியபின், யாம் அக்கட்டுரையை முற்றும் புதிதாக எழுதினேம், போட்டிக்காகவன்று. உழவர் வண்டியையும் நோயாளர் ஊர்தியையும் முதற்பத்தியிலேயே ஏற்றுக்கொண்டு, புலிக் கணக்கை நீக்கி, வெளியூர்ச் சரக்கு வண்டிகளைப் பற்றி மட்டுமே வாதித்தேம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாளன்று, சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தில் வைத்துத் தோழனிடம் கொடுத்தேம். அடுத்த கிழமை திரும்பி வந்தவன் தாளை நீட்டினான். பெரும்பகுதிக்குத் தான் உடன்படுவதாகவும், தடை நேரத்தைப் பற்றி மட்டும் இன்னும் மாறுபடுவதாகவும் கூறினான். ஓரத்தில் ஒரு திருத்தமும் செய்திருந்தான். ஓட்டுநர்கள் யானைமேல் அன்பு கொண்டு கரும்பை எறிகின்றனர் என்று யாம் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவன் எழுதியிருந்தது: 'அன்பன்று, எறியாவிட்டால் வண்டி நகராது. என் மாமன் லாரி ஓட்டுகிறார்.'